பானெட்டுக்குள் சந்தனக்காப்பு

செந்தூர்பாண்டிக்கு அந்தச் சனிக்கிழமை கல்யாண வீட்டு விடியலாகத்தான் விடிந்தது. ஐந்தரைக்கே குளித்து, விபூதி பூசி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து தன் அம்பாசடர் முன்னால் நின்றுவிட்டார். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அந்தச் செய்தி அவருடைய நாக்குக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூட, "இருப்பு குறைவது குறித்து ஏன் முன்கூட்டியே என் கவனத்துக்குக் கொண்டு வரவில்லை?" என்பார். "மனு எழுதிக் குடுத்திருக்கணுமோ?" என்பாள் மனைவி முத்துராணி.

கார் எழுபத்தாறாம் வருஷத்துக் கறுப்பு அம்பாசடர். அதை விற்ற சாத்தான்குளத்துத் தரகர், "இது ஒரு ஜமீன் வீட்டு வண்டி அண்ணாச்சி" என்று சொல்லித்தான் விற்றார். எந்த ஜமீன் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாக இவரே பதில் சொல்லி வந்தார். முதல் வருஷம் ஜமீன்தார் அதில் வேட்டைக்குப் போனார். இரண்டாம் வருஷம் புலியைச் சுட்டார். மூன்றாம் வருஷம் அந்தப் புலி பின் சீட்டில் படுத்தபடி அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. ஜமீன்களை ஒழித்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அந்தக் காரே செய்யப்பட்டது என்பது, வருவாய்த்துறையில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டிய மனிதருக்கு மட்டும் உறைக்கவில்லை. மழை பெய்தால் சீட்டிலிருந்து ஒரு கவிச்சி வாடை கிளம்பும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஜமீன் காலத்து அத்தர்'.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் நெல்லைப் பழங்கார் பேரவையின் ஊர்வலம். பதினேழு கார்கள். முதல் கார் செந்தூர்பாண்டியுடையது. பேரவைத் தலைவர் மணிராஜ், சிமெண்டு வியாபாரி, வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "ஜமீன் வண்டிங்கதாலதான் சார் ஒங்களுக்கு முதல் எடம். இல்லேன்னா அம்பாசடருக்கெல்லாம் கடைசி வரிசைதான். ஆனா ஒண்ணு. அந்தச் சத்தத்தோட வராதிய. நான் மைக்குல பேசுதது எனக்கே கேக்காது."

அந்தச் சத்தம் அவர் குடியிருந்த பெருமாள்புரத்தில் பிரசித்தம். சைலன்சர் ஓட்டையாகி எட்டு மாதம். செந்தூர்பாண்டி காய்கறி வாங்கக் கிளம்பினால் கோயில் யானை கடத்தப்படுகிறதோ என்று நாலு தெரு எட்டிப் பார்க்கும். பதினாறு கார்களுக்கு முன்னால், மாலை போட்டு, மேளம் முழங்க, ஊர் பார்க்கப் போக வேண்டும். பதவியை விட்டு இறங்கிய பிறகு ஒருவரும் அவருக்கு ஒரு மாலை போட்டதில்லை. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

புதுச் சைலன்சர் போடச் சனிக்கிழமை காலையிலேயே காரைக் கொண்டுபோய் நிறுத்தியது, சமாதானபுரத்தில் ஜோசப்பின் பட்டறையில். ஜோசப் உவரிக்காரர், நாற்பது வயது, பேச்சைவிடச் சிரிப்பு அதிகம். காரை ஜாக்கியில் ஏற்றிவிட்டு அடியில் படுத்தவர், படுத்தபடியே சிரித்தார்.

"அண்ணாச்சி, இது சைலன்சரா, பலசரக்குக் கடையா? நாலு எடத்துல பால்பவுடர் டப்பாத் தகடச் சுத்திக் கம்பி கட்டியிருக்கு. ஒரு டப்பாவுல வெலகூட அழியல."

"சார்னு கூப்பிடும்."

"சரி அண்ணாச்சி."

பழைய குழாய் லேசில் வருவதாக இல்லை. இன்ஜினோடு சேரும் இடத்தில் மூன்று நட்டுகள். இரண்டு கெஞ்சியதில் வந்தன. மூன்றாவது துருவேறி, ஸ்பேனருக்குத் தன் மூலைகளையெல்லாம் தாரைவார்த்துவிட்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ஜோசப் அதற்கு எண்ணெய் விட்டார், கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சினார், சுத்தியலால் பைய நாலு தட்டுத் தட்டினார். செந்தூர்பாண்டியால் நிற்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், குனிந்தார், வெள்ளைச் சட்டையோடு தரையில் முழங்காலிட்டே விட்டார்.

"வருதா?"

"வருதேன்னு சொல்லுது."

"எப்ப?"

'டக்' என்றது. நட்டு கழன்று, துருப்பிடித்த அந்த முழு நீளக் குழாயும் பட்டறைத் தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. செந்தூர்பாண்டி கையைத் தட்டிவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, கையிலிருந்த தூசியைத் தட்டுவதுபோல் அதையே இன்னும் இரண்டு தடவை செய்தார்.

புதுக் குழாய் ஏறியது. இடையில் புது கேஸ்கெட், தொங்குவதற்குப் புது ரப்பர், நடுவில் பளபளவென்று சைலன்சர். பகல் பன்னிரண்டு மணிக்கு ஜோசப் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். செந்தூர்பாண்டி பழக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஸ்டார்ட் ஆகலையா?"

"ஓடுது அண்ணாச்சி. பானெட்டுல கைய வச்சுப் பாரும்."

வைத்தார். உள்ளே ஏதோ ஒரு பெரிய பூனை தூங்குவதுபோல் மெல்ல அதிர்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தன் காரின் பக்கத்தில் நின்று, மணிராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, கத்தாமல் பேசினார்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மகிழ்ச்சி தலைக்கேறிய அதிகாரி அடுத்த ஆணை போடாமல் எழுந்ததாக வரலாறு கிடையாது. "ஊர்வலம் முடிஞ்சதும் பானெட்டத் தெறந்து காட்டணும். உள்ளயும் பளிச்சுனு இருக்கணும். கழுவிரும்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இந்த அழுக்குதான் பாதி வண்டியப் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

"கழுவும்வே!"

இன்ஜின் ஆறும்வரை சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஜோசப் தண்ணீர் படக்கூடாத இடங்களை மாவுக்கடைப் பிளாஸ்டிக் பைகளால் மூடி ரப்பர் பேண்டு போட்டார். பிரஷ்ஷை டீசலில் தோய்த்துத் தேய்க்கத் தேய்க்க, நாற்பது வருஷத்து எண்ணெயும் புழுதியும் அல்வாப்பதத்தில் வழிந்தன. தண்ணீர் பீய்ச்சினார், காற்றடித்தார். ரேடியேட்டர் தெரிந்தது. இன்ஜின் தன் சொந்த நிறத்துக்கு வந்தது. "ஆகா!" என்றார் செந்தூர்பாண்டி. "இந்தா, இந்தா, அங்கன கொஞ்சம் தேயும்!" என்று தானே ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பின்னால் இருந்த தகட்டைத் தேய்த்தார். சட்டையின் வெள்ளை போன இடம் தெரியவில்லை. அழுக்கு உரிய உரிய அங்கே மஞ்சளாக ஏதோ வந்தது.

"எழுத்து! ஜோசப்பு, எழுத்து இருக்குவே! ஜமீன் முத்திரை!"

இருவரும் குனிந்தார்கள். செந்தூர்பாண்டி கைத்தறித் துண்டால் கடைசி அழுக்கையும் தன் கையாலேயே துடைத்தார். மஞ்சள் பெயிண்டில், சாய்ந்த கையெழுத்தில், மூன்று வரி:

உவரி அந்தோணியார் துணை
டெனிஸ் மீன் வண்டி
சாளை, நெத்திலி, வாளை

கீழே ஒரு மீன் படம். அது ஒரு கண்ணைச் சிமிட்டியது.

"சேசுவே!" ஜோசப் தொடையில் தட்டிக்கொண்டார். "அண்ணாச்சி, இது எங்கூரு வண்டி! எங்கம்மை சொல்லுவா. டெனிஸ்னு ஒருத்தரு சொந்தக் கார்ல மீன ஏத்திக்கிட்டு நாங்குநேரிச் சந்தைக்குப் போவாராம். வெளிய எழுதுனா போலீஸ் பிடிக்கும். எழுதாம விட்டா அவருக்கு மனசு கேக்காது. அதான் உள்ள எழுதியிருக்காரு!"

செந்தூர்பாண்டி மீனைத் துண்டால் இன்னும் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "ஜமீன்தார் மீன் வாங்கியிருக்கலாம்" என்றார்.

"வாங்குனவரு கார் மேலயா எழுதி வைப்பாரு?"

நாளைய மாலை கண்ணெதிரே வாடத் தொடங்கியது. பானெட்டைத் திறந்து காட்டுவதாக மணிராஜ் நோட்டீசே அடித்துவிட்டார். மீன் வண்டி என்று தெரிந்தால் பதினேழாவது இடம். துணை வட்டாட்சியர் பதினேழாவதாக ஊர்வலம் போவதா?

"கறுப்புப் பெயிண்ட் அடியும்."

"ராத்திரிக்குள்ள காயாது அண்ணாச்சி. சூட்டுல கொப்புளிச்சிரும்."

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. புது வேலை முடிந்த வண்டிக்குச் சந்தனம் வைப்பது வழக்கம். ஒரு பொட்டு வைக்கலாம் என்றால், ஒரு படி வைத்தால் யார் கேட்பது? வீட்டுக்கு வந்ததும் முத்துராணியிடம் இரண்டு கிலோ சந்தனப்பொடி கரைக்கச் சொன்னார்.

"எந்தக் கோயிலுக்கு?"

"இன்ஜினுக்கு."

முத்துராணி கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க இசக்கியம்மனுக்கே வருசத்துக்கு ஒருக்காத்தான் சந்தனக்காப்பு. ஒங்க காருக்கு இப்ப என்ன நேர்ச்ச?"

அவர் பொடிப் பையை அவள் கையில் திணித்துவிட்டு நழுவினார். ஞாயிறு காலை, தகடு முழுக்க விரற்கடைக் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திச் சரமும் சாத்திவிட்டார். வந்து பார்த்த ஜோசப் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, நேர் கீழதான் நேத்து போட்ட குழாய் எறங்குது. மேளத்துக்குப் பின்னால நட வேகத்துல ஊர்ந்து போனா அங்கன தோசையே சுடலாம். காஞ்சு உதிர்ந்துச்சுன்னா..."

"ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது" என்றார் செந்தூர்பாண்டி.

வ.உ.சி. மைதானத்திலிருந்து கிளம்பியபோது அவருக்கு வயது இருபது குறைந்திருந்தது. முன்னால் மேளம். கழுத்தில் அவருடைய முகத்தைவிடப் பெரிய ரோஜா மாலை. பேனரில் 'ஜமீன் ரதம்'. கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக, பக்கத்தில் திறந்த ஜீப்பில் மணிராஜ் மைக்கைப் பிடித்து, "புலி வேட்டை கண்ட வாகனம்! புலி வேட்டை கண்ட வாகனம்!" என்று முழங்கினார். செந்தூர்பாண்டி இடக்கையால் ஸ்டியரிங்கையும் வலக்கையால் பொதுமக்களையும் கவனித்துக்கொண்டார். ஜோசப் மட்டும் ஒரு வாளித் தண்ணீரோடு காரின் ஓரமாகவே நடந்து வந்தார்.

பாளை மார்க்கெட் பக்கம் வரும்போது பானெட்டின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை ஒன்று வந்தது. கூடவே நல்ல மணம். கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மணிராஜ் விடுவாரா? "ஜமீன் காலத்து நறுமணம் இன்றும் கமழ்கிறது!"

புகை தடித்தது. மணம் கருகல் ஆயிற்று. உள்ளே பொத்துப் பொத்தென்று சந்தனப் பாளங்கள் கொதிக்கிற குழாயில் விழும் சத்தம், புதுச் சைலன்சரின் புண்ணியத்தில், துல்லியமாகக் கேட்டது.

"ஏலே, கார் எரியுதுலே!"

மேளம் நின்றது. "தெறக்காதேயும்!" என்று செந்தூர்பாண்டி கத்துவதற்குள் ஜோசப் பானெட்டைத் தூக்கிவிட்டார். செவ்வந்திச் சரம் புகைந்துகொண்டிருந்தது. வாளித் தண்ணீரைத் தகட்டில் வீசினார். மிச்சமிருந்த சந்தனமும் வழிந்து இறங்க, கழுவித் துடைத்த கருந்தகட்டில் மஞ்சள் எழுத்துகள் ஊருக்கே தெரிந்தன. முன்வரிசையில் நின்ற ஒருவர் உரக்க வாசித்தார். "சாளை, நெத்திலி, வாளை" என்ற இடத்தில் கூட்டமே சேர்ந்து வாசித்தது.

"புலியக் காணோமே சார்!" என்று ஒரு குரல்.

மணிராஜ் மைக்கை அணைக்க மறந்து, "பதினேழாவதாப் போங்க சார், மானத்த வாங்காதிய" என்றார். அதுவும் ஊருக்கே கேட்டது. பதினாறு கார்களும் ஒதுங்கி முன்னால் போக ஆரம்பித்தன. செந்தூர்பாண்டி மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மீன் கடைப் பக்கமிருந்து ஒரு கிழவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முழங்கைவரை செதில். பானெட்டுக்குள் தலையை விட்டவள், போட்ட சத்தத்தில் மேளக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, எங்கூட்டு வண்டியில்லா! ஏ மக்கா, வாங்க! எம் மாப்பிள எழுதுன எழுத்து! இந்த மீனு நான் வரஞ்சது!"

ஃபிளோரா. டெனிஸின் மனைவி. டெனிஸ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் மீன் கடையே காலியாகிக் காரைச் சூழ்ந்துவிட்டது. ஒருத்தி கண்ணாடியைத் தடவினாள். ஒருத்தி பின் சீட்டை மோந்து பார்த்து, "சாளைதான்! சத்தியமாச் சாளைதான்!" என்று சிரித்தாள். முன்னால் போன பதினாறு கார்களையும் பார்க்க அங்கே ஓர் ஆள் இல்லை. மேளக்காரர்களும் கூட்டம் இருந்த பக்கமே நின்றுவிட்டார்கள்.

செந்தூர்பாண்டி மாலையிலிருந்து மெல்ல முகத்தை எடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கினார். "பொதுமக்களே! தென்னிந்தியாவிலேயே, ஏன், ஆசியாவிலேயே முதன்முதலாக மீன் ஏற்றிய அம்பாசடர் வாகனம்..."

"தம்பி, எதுக்கு இப்பக் கத்துத?" என்றாள் ஃபிளோரா. அவரை யாரும் தம்பி என்று கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும். "எனக்கு அந்தோணியார் கோயில்ல மந்திரிச்ச தாலி ஏறுன அன்னைக்கு இந்த முன் சீட்டுல ஒக்காந்துதான் வீட்டுக்கு வந்தேன். பின் சீட்டுல ரெண்டு கூடை வாள மீனு. அத எறக்க அந்த மனுசனுக்கு நேரமில்ல. தள்ளு."

செதில் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கேட்காமலே கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். சாரம்மாள் என்ற இன்னொருத்தியும் வேறு மூன்று பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். கூடைகளும் ஏறின. ஜோசப் பானெட்டைச் சாத்தி, "போலாம் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகல" என்றார்.

செந்தூர்பாண்டி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் சந்தனம், காலடியில் மீன் தண்ணீர். யாரும் உத்தரவுக்காகக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. ஓடிப்போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"இந்த வண்டி தோன்றிய வரலாறு என்னவென்றால்..." என்று மறுபடி தொடங்கினார்.

"பேசாம ஓட்டு தம்பி."

மேளம் பிடித்துக்கொண்டது. செந்தூர்பாண்டி கியரைப் போட்டார். மாலையைக் கழற்றி ஃபிளோராவின் மடியில் வைத்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, பதினேழாவது காரை மார்க்கெட் கூட்டத்துக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனார்.