மீண்டும் வருபவர்களுக்கு

பாரிசுக்கு மூன்று தரம் போய் வந்தவள் நிலாணி. அந்த நகரத்தில் என்னத்தைப் பார்த்தாய் என்று யாராவது கேட்டால், உள்ளதைச் சொல்வதானால், சோபாக்களைப் பார்த்தேன் என்றுதான் அவள் சொல்லவேண்டும். புருசன் கிருபனின் பெரியக்கா பரிமளம் வீட்டுச் சோபா மண்ணிறத் தோல். சின்னக்கா வீட்டில் பூப்போட்டது, மேலே பிளாஸ்ரிக் உறை, எழும்பும்போது சேலையோடு சேர்ந்து வரும். ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் இருப்பது ஆளை விழுங்குகிற சோபா. அதில் இருந்தவரை இரண்டு பேர் கைபிடித்துத் தூக்கிவிடவேண்டும்.

முதல் தரம் ஒரு கலியாணவீட்டுக்குப் போனார்கள். அடுத்தது ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு. கடைசியாக, செத்துப்போன மாமியாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. போனது எதற்காக இருந்தாலும் நடந்தது ஒன்றுதான். ஒரு வீட்டில் மதியம் சாப்பிட்டால் அடுத்த வீட்டில் இரவு சாப்பிடவேண்டும். தேத்தண்ணியோடு எழும்பிவிட்டால் கதை முடிந்தது. அங்கே சோறு தின்றார்கள், இங்கே வெறும் தேத்தண்ணியோடு போனார்கள் என்று அடுத்த தீபாவளி வரைக்கும் அது ரெலிபோனில் ஓடும். ஈபிள் கோபுரத்தை அவள் கண்டது சின்னக்காவின் மகன் ஓட்டிய வானின் பின்கண்ணாடிக்குள்ளால். 'அந்தா தெரியுது' என்று அவன் கை நீட்ட, மடியிலிருந்த கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு இவள் திரும்ப, வான் சுரங்கப்பாதைக்குள் இறங்கிவிட்டது.

இதையெல்லாம் வெளியில் சொல்லமுடியுமா? ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் மக்டலீன் என்றொரு கிழவி இருந்தாள். வாலிபத்தில் பாரிசில் ஒரு வருசம் இருந்தவளாம். சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகிற நிலாணியும் அங்கே மூன்று தரம் போனவள் என்று தெரிந்ததும் கிழவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எது உனக்கு ஆகப் பிடித்தது என்று கேட்டாள். நிலாணி யோசித்துப் பார்த்து, ஆறு என்றாள். எந்தப் பாலத்தில் நின்று பார்த்தாய் என்று கிழவி அடுத்ததாகக் கேட்டாள். நிலாணி சூப் கோப்பையை எடுத்துக்கொண்டு, அது இன்னும் பாதி இருந்தது, குசினிக்குள் போய்விட்டாள். பொய் சொன்ன வெட்கத்தைவிட, பொய் சொல்லக்கூடத் தன்னிடம் ஒரு பாலம் இல்லையே என்பதுதான் அவளுக்கு வலித்தது.

அதனால், மகள் லக்சிகா தன் முதல் வேலைச் சம்பளத்தில் அம்மா அப்பாவின் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்குப் பாரிசுக்கு ரிக்கற் போட்டுக் கொடுத்தபோது, நிலாணிக்கு அழுகையே வந்துவிட்டது. மே மாதம், ஒரு கிழமை, ஏழு நாளும் ஹோட்டலில். தான் வரவில்லை, லீவு இல்லை, ஆனால் எங்கே எங்கே போகவேண்டும் என்று முழுவதும் தானே திட்டம் போட்டுத் தருவதாகப் பிள்ளை சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் திட்டம் லப்ரொப்பில் விரிந்தது. நிலாணி காலை வேலை முடித்து வந்து, ஒரு கதிரையில் தானும் மறுகதிரையில் கால்களுமாக இருந்தாள். வெளியே பனி அழுக்காகிக் குவிந்து கிடந்தது. லக்சிகா பாரிசைப் பற்றிய ஒரு தளத்தை முழுவதும் படித்து முடித்திருந்தாள். அதில் முதல் தரம் வருபவர்களுக்கு ஒரு பகுதி, மீண்டும் வருபவர்களுக்கு ஒரு பகுதி.

"அம்மா, நீங்க ஓல்ரெடி த்ரீ டைம்ஸ் போயிட்டீங்க. சோ ஈபிள், லூவ்ர், நோத்ர டாம் எல்லாம் நான் கட் பண்ணிட்டன். இது ஃபுல்லா ரிட்டர்னிங் விசிட்டர்ஸுக்கு."

மீண்டும் வருபவர்களுக்கு ஒரு பழைய வாய்க்கால் ஓரமாக நடை இருந்தது. தட்டுமுட்டுச் சாமான் சந்தை இருந்தது. பேர்போன மனிதர்களைப் புதைத்த சவக்காலை ஒன்று, அரைநாள். காசு கொடுத்துப் பிளேன் ஏறிப்போய்ச் சவக்காலை பார்ப்பதா என்று கிருபன் கேட்டான். அவன் ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகம் பேசமாட்டான். இதற்குப் பேசினான்.

நிலாணி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேலும் மறைத்தால் சவக்காலைக்குத்தான் போகவேண்டி வரும். தான் ஒன்றையுமே பார்க்கவில்லை என்று மகளிடம் சொன்னாள். லக்சிகா நம்பவில்லை. அம்மாவின் போனிலிருந்த பாரிஸ் படங்களைத் தேடி எடுத்தாள். சோபாவில் வரிசையாக எல்லாரும். சாப்பாட்டு மேசையில் எல்லாரும். மண்டபத்தில், மாலையோடு, எல்லாரும். மறுபடி சோபா. பக்கத்து மார்க்கம் நகரத்தில் எடுத்ததென்றாலும் ஆரும் நம்புவார்கள். பிள்ளை முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சவக்காலையை ஓசைப்படாமல் அழித்தாள்.

திட்டத்தைப் புதிதாகத் தொடங்கினார்கள். அப்போதுதான் கிருபன் தொண்டையைச் செருமினான். பெரியக்காவுக்கு ஒரு நாள் வேண்டும். சின்னக்காவுக்கு ஒரு நாள் கொடுக்காவிட்டால் அவள் வாழ்நாளைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒப்பரேசன் செய்திருக்கிறார், போய்ப் பார்க்காமல் வரமுடியாது. அந்த அண்ணனின் சம்பந்திகளும் அதே தெருவில்தான். அவன் சொல்லச் சொல்ல லக்சிகா நாட்களை நிரப்பினாள். கிழமை முடிந்துவிட்டது, ஆனால் உறவு முடியவில்லை.

நிலாணிக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது. வேலையிடத்தில் விடிந்தால் பொழுதுபட்டால் சாப்பாடு, வீட்டில் சாப்பாடு, கடல் தாண்டிப் போனாலும் 'இன்னும் கொஞ்சம் போடட்டோ' என்கிற சாப்பாடு. அவளுக்கு வேண்டியது இரண்டே நாள். ஒருத்தரும் சாப்பிட்டாயா என்று கேட்காத இரண்டு நாள். ஆற்றுக்கு மேலே ஒரு பாலம்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. செவ்வாய்க்கிழமை போய் இறங்குவது. வியாழக்கிழமைதான் வருகிறோம் என்று எல்லாருக்கும் சொல்வது. நடுவில் இரண்டு நாளும் காதும் காதும் வைத்த மாதிரி ஊர் பார்ப்பது. கிருபன் திடுக்கிட்டுப்போனான். கூடப்பிறந்தவர்களின் ஊருக்குள் களவாக இறங்குவதா என்றான். பிறகு கதிரையில் கிடந்த அவளுடைய கால்களைப் பார்த்தான். கணுக்காலில் சொக்ஸின் அச்சு ஆழமாகப் பதிந்து, சுற்றிவர வீங்கியிருந்தது. சரி, வியாழன் என்றே சொல்வோம் என்றான்.

அடுத்த இரண்டு கிழமையும் நிலாணிக்குக் கால் நோகவே இல்லை. மக்டலீனிடம் தானாகவே போய்ப் பாலங்களைப் பற்றி விசாரித்தாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதில் பின்னேர வெயில் நன்றாக விழும் என்றும் சொன்னாள்.

ஆனால் அரிச்சந்திரனைக் கட்டியவளுக்கு இரகசியம் எத்தனை நாளைக்குத் தங்கும்? கோயிலில் இராசதுரை அண்ணை கிருபனைப் பிடித்திருக்கிறார். பாரிசுக்குப் போகிறீராமே, அங்கே இருக்கிற என் மகளுக்கு ஒரு சின்னப் பார்சல் என்றிருக்கிறார். விற்றமின் போத்தல், மேப்பிள் சிரப், பேரப்பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பிளேன் ஏறுகிறார் என்றால் அவருடைய சூட்கேஸில் பாதி ஊருக்குச் சொந்தம், அதை ஆரும் மாற்றமுடியாது. எப்போது இறங்குகிறீர்கள், மகள் வந்து எயார்போட்டிலேயே எடுத்துக்கொள்வாள் என்று அவர் கேட்க, இவன் செவ்வாய்க்கிழமை காலமை என்று சொல்லிவிட்டு, வாங்கிய பார்சலோடு சந்தோசமாக வீட்டுக்கு வந்தான்.

இராசதுரை அண்ணையின் மகள் இருப்பது பரிமளத்தின் மாடிக்கு இரண்டு மாடி மேலே. அது கிருபனுக்குத் தெரியும். நிலாணி தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டபோது, பார்சல் வாங்கியதற்கும் இரகசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"பார்சலை வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது, நிலாணி?" என்றான். அவன் பக்கத்தில் நியாயம் இருந்தது. அப்படிச் சொன்ன ஒருவரையும் அவளுக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் பரிமளத்தின் வீடியோ அழைப்பு வந்தது. கிருபன் போனை எடுத்து, ஓம் அக்கா, ஓம் அக்கா என்றுவிட்டு, உம்மோடுதான் கதைக்கவேண்டுமாம் என்று நிலாணியின் கையில் திணித்தான். பிறகு ஒரு அவசரமுமில்லாத பனி அள்ளுகிற மெசினைப் பார்க்கக் கராஜுக்குள் போய்விட்டான். லக்சிகா லப்ரொப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரையில் பரிமளத்தின் நெற்றியும், அதற்கு மேலே குசினியின் புகைபோக்கியும்தான் தெரிந்தன. அங்கே இரவாகியிருந்தது.

"செவ்வாய்க்கிழமையே வாறியளாம்," என்றாள் பரிமளம்.

மழுப்புவதற்கு நிலாணி இரண்டு மூன்று கதைகள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். விமானக்கொம்பனி நாளை மாற்றியது என்று ஒன்று. மகள் பிழையாகப் போட்டுவிட்டாள் என்று ஒன்று. காலையிலிருந்து நின்ற கால்கள் நொந்தன. பொய்க்கும் ஒரு தென்பு வேண்டும், அது அவளிடம் இருக்கவில்லை.

"ஓம் மச்சாள். ரெண்டு நாள் ஹோட்டலிலை நிண்டு ஊர் பாப்பமெண்டு இருந்தனாங்கள். உங்களுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான், அவரில்லை. மூண்டு தரம் வந்தும் நான் பாரிஸைப் பாக்கேல்லை. சாப்பிட்டதுதான்."

சொல்லிவிட்டு, வருவது வரட்டும் என்று இருந்தாள். அந்தப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. போன் சரிந்து, பரிமளத்தின் முழு முகமும் வந்தது. கடைசியாகக் கண்டதைவிட நன்றாக வயதுபோயிருந்தாள்.

"நான் மட்டும் பாத்தனானோ?" என்றாள் பரிமளம்.

நிலாணி போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"முப்பது வருசமாய் இஞ்சை இருக்கிறன். விடிய இருட்டோடை ஒபிஸ் கூட்டித் துடைக்கப் போவன், வந்து சமைப்பன். வேற ஆக்கள் வந்தால் இவர், உங்கட அத்தான், ஏத்திக்கொண்டு போய்க் காட்டுவார். வானிலை இடமிருக்காது. திரும்பி வரேக்கை சோறு சூடாயிருக்க வேணுமெல்லோ, நான் நிப்பன். நீங்கள் வாறியளெண்டால் சந்தோசம்தான், இல்லையெண்டில்லை. ஆனா மூண்டு நாளைக்கு முந்தியே இறைச்சி வாங்கி, வெட்டி, உறைப்பு வேற உறைப்பில்லாதது வேற எண்டு வைச்சு... நாரி, முதுகெல்லாம் விட்டுப்போம், நிலாணி. நீங்கள் போனாப்பிறகு ரெண்டு நாள் படுத்துக் கிடப்பன்."

இத்தனை வருசமாகத் தன் பாரிசை விழுங்கியவள் இவள்தான் என்று நிலாணி மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்த மண்ணிறச் சோபாவில் இருந்துகொண்டு, எப்போது எழும்பலாம் என்று குசினிப் பக்கம் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒருத்தி, இவர்கள் எப்போது எழும்புவார்கள் என்று சுவரில் சாய்ந்துகொண்டு நின்றிருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"அந்த ரெண்டு நாளும் என்னையும் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று பரிமளம் கேட்டாள். கேட்கிற மாதிரி இல்லை, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது.

உடனே ஓம் என்று சொல்ல நிலாணிக்கு மனம் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இரண்டு நாளையும் அவள் நகைபோலப் பொத்தி வைத்திருந்தாள். அதற்குள்ளும் ஒரு மச்சாளா என்று இருந்தது. வேண்டாம் என்றால் பரிமளம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வியாழக்கிழமை கதவைத் திறந்து, வாங்கோ வாங்கோ என்று சிரித்து, கோழிக்கறியைக் கொண்டுவந்து வைப்பாள். அந்தக் கோழிக்கறி இனி எப்படி இறங்கும்?

"வாங்கோ மச்சாள். ஆனா நீங்கள் சமைக்கக்கூடாது. ஒரு பெட்டியும் கட்டிக்கொண்டு வரக்கூடாது."

பரிமளம் திரும்பி அடுப்பைப் பார்த்தாள்.

"ஒரு பத்து றோல்ஸ் மட்டும்?"

"இல்லை மச்சாள்."

"அப்ப என்னத்தைச் சாப்பிடுறது?" பரிமளத்தின் குரலில் உண்மையான பயம் இருந்தது.

"பேக்கரியிலை பாண் வாங்கிச் சாப்பிடுவம். உங்கட ஊர்ப் பாணைத்தானே உலகம் முழுக்கப் புகழுது."

பரிமளம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தமாக முடிந்தது. வைக்கும்போது, ஆற்றங்கரையில் குளிருமோ, கம்பளிச்சட்டை கொண்டுவரட்டோ என்று கேட்டாள். முப்பது வருசம் அந்த ஊரில் இருக்கிறவள் கனடாவில் இருக்கிறவளிடம் கேட்டாள். கொண்டுவாங்கோ என்று நிலாணி சொன்னாள்.

போனை வைத்ததும் கராஜ் கதவு திறந்தது. அக்கா ஏசினாளா என்று கிருபன் வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அவவும் எங்களோடை வாறா," என்றாள் நிலாணி. "நீங்கள் அந்த ரெண்டு நாளும் பார்சலைக் குடுத்திட்டு, அத்தானோடை நிண்டு சமையுங்கோ. நாங்கள் களைச்சு வருவம், சோறு சூடாயிருக்க வேணும்."

தனக்குப் பருப்பும் முட்டைப்பொரியலும்தானே தெரியும் என்றான் கிருபன். அது காணும், வேறொன்றும் வேண்டாம் என்றாள் அவள்.

லக்சிகா லப்ரொப்பைத் தன் பக்கம் திருப்பி, பரிமளம் மாமிக்கு ஒரு இடம் சேர்த்தாள். சேர்த்துவிட்டு, கை தயங்கி நிமிர்ந்து பார்த்தாள். மாமி அந்த ஊரிலேயே இருக்கிறவள், அவளை எந்தப் பகுதியில் போடுவது என்று கேட்டாள்.

நிலாணி கால்களை மறுபடி கதிரையில் தூக்கி வைத்தாள்.

"முதல் தரம் வாற ஆக்களோடை போடு, பிள்ளை," என்றாள்.