மூக்கால் அளந்த காற்று

குளியலறைக் கதவைத் திறந்ததுமே வாடை அவள் முகத்தில் அடித்தது. கேஸ். ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பில் வைத்துவிட்டுப் போன பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. குமிழ் திறந்தது திறந்தபடியே இருந்தது. அடுப்புக்கு நேராகக் குனிந்து, கையில் லைட்டரோடு நின்றுகொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர். மூச்சை அடைக்கிற அந்த வாடைக்கு நடுவில், காலாற நடக்க வந்தவர் மாதிரி, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு விரலை அழுத்திவிடுவார் என்று எங்கிருந்தோ ஒரு புத்தி வந்தது. பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"லைட்டர எங்கிட்ட குடுங்க."

"பால் பொங்கி அணஞ்சு போச்சு. நீ குளிக்கிறியேன்னு நானே பத்த வைக்கலாம்னு..."

லைட்டரைப் பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். குமிழைத் திருகி மூடினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"கேஸா?" என்று கேட்டார்.

பாருங்கள், ஒரே ஒரு சொல்தான். மறைத்து வைத்திருந்ததெல்லாம் அதில் வெளியே வந்துவிட்டது. காற்று வரட்டும் என்று அவர் கை தன்னால் விசிறி சுவிட்சுப் பக்கம் போனபோது, "சுவிட்சத் தொடாதீங்க. கதவ மட்டும் திறங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கொல்லைப் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதலில் சோப்பு வாசம் போனதாம். அப்புறம் வெங்காயம். சளிதான், சரியாகிவிடும் என்றிருந்தாராம். ஒருநாள் பெயிண்டில் கலக்கிற தின்னர் டின்னைத் திறந்து முகத்தருகே வைத்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர் டின்னைத் திறந்தமாதிரி இருந்ததாம்.

அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "என்ன, வாசம் தெருமுனை வரைக்கும் தூக்குது" என்பார். போன மாதம் ஒருநாள் உடம்பு சரியில்லாமல் அவள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அன்றைக்கும் அதையே சொன்னார். வம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள்.

"பட்டறையில தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாத. மூக்கில்லாதவன பூத்துக்குள்ள யாரு விடுவா? டிங்கர்க்காரன் பக்கத்துல உக்காந்து தகரம் தட்டுன்னு சொல்லுவாங்க."

"தட்டினா என்ன?"

கேட்டுவிட்டாளே தவிர, அவருக்கு அது தகரம் தட்டுகிற விஷயம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற அந்தப் பட்டறையில் அவருக்குக் கண்ணாடியண்ணன் என்று பேர். அவர் அடித்த பெயிண்டில் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம். அந்தப் பேரைத்தான் அவர் சட்டைபோல மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறார். அவளும் அதே பட்டறைதான். பெயிண்ட் படக்கூடாத இடங்களில், கண்ணாடிக்கும் விளக்குக்கும் கதவிடுக்குக்கும், காகிதத்தை வைத்து டேப் ஒட்டுகிற வேலை. அதனால் அவள் டேப்பக்கா.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவர் முதுகிடம் சொன்னாள். "இன்னிக்காவது காத்தாடிய நிறுத்தாம அடிங்க."

"கறுப்பு வண்டிடி. ஒரு தூசி உக்காந்தாலும் நட்சத்திரம் மாதிரி தெரியும். நான் பாத்துக்கறேன். எப்பவும் விடறதவிட அதிக நேரம் விட்டு விளக்குப் போடறேன். போதுமா?"

அவள் பின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பூத்து என்று அவர்கள் சொல்வது, ஒரு கார் உள்ளே போய் நிற்கிற அளவுக்குத் தகரத்தால் அடைத்த அறை. பெயிண்ட் புகை அதற்குள்ளேயே தங்கிவிடக்கூடாது என்பதற்காக ஒரு பெரிய காத்தாடி அதை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் உள்ள ஃபில்டர்களை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டதில் அவை பெயிண்ட் ஏறி அட்டையாக இறுகிக் கிடந்தன. அதனால் காத்தாடி ஓடினால் கதவிடுக்கு, கூரையிடுக்கு வழியாகத் தூசியை இழுத்து ஈரப் பெயிண்டின் மேல் போடும். இதற்குக் கண்ணாடியண்ணன் கண்டுபிடித்த வழி, கடைசிக் கோட்டிங்கின்போது காத்தாடியை நிறுத்திவிடுவது. அடித்து முடித்து, மேலே பாலாடைபோல ஒரு படலம் கட்டிய பிறகு, சக்கரம் வைத்த ஹீட்டர் விளக்கைத் தள்ளிக்கொண்டு வந்து காய வைப்பார். காத்தாடி ஓடாவிட்டால் அந்த விளக்கு எரியாதபடிதான் பூத்தைச் செய்தவர்கள் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். இவர் ஒரு துண்டுக் கம்பியை வைத்து அதை ஏமாற்றியிருந்தார். முதலாளி உட்பட எல்லோருக்கும் அந்தக் கம்பி தெரியும். மழமழவென்று வண்டி வெளியே வந்தபோது யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

காத்தாடி நின்றால் பட்டறையே நின்றுவிடும். உப்புத்தாள் தேய்க்கிறவர் கையை நிறுத்துவார். கம்ப்ரசர் பக்கம் நிற்பவர் தும்மலைக்கூட விழுங்குவார். தூசி கிளப்பக்கூடாது, நடக்கக்கூடாது. "அண்ணன் அடைகாக்குறாரு, கம்முனு இருங்க" என்பான் டிங்கர்க்காரன். கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாக எல்லோரும் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு இழுப்பார். தின்னர் வாசம் அடங்கியிருந்தால் தலையை ஆட்டுவார். பிறகுதான் விளக்கு; தின்னர் ஆவி அடங்காமல் போட்டால் குப்பென்று தீப்பிடித்துக்கொள்ளும். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு பட்டறை மூச்சுவிடும். காற்றை அளக்க அவர்களிடம் வேறு கருவி இல்லை. அவர் மூக்குதான் கருவி. இத்தனை வருடம் இழுத்த அந்த ஒவ்வொரு மூச்சும்தான் மூக்கைத் தின்றிருக்கிறது என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

கறுப்பு வண்டி ஒருவருடைய அப்பா ஓட்டியது. அப்பா போன பிறகு, அவர் வாங்கின நாளில் இருந்த மாதிரியே வேண்டும் என்று பிள்ளை கொண்டுவந்து விட்டிருந்தார். அவள்தான் காலையிலிருந்து அதற்கு டேப் ஒட்டினாள். விரல் அடிக்கடி நழுவியது.

"என்னக்கா, இன்னிக்கு டேப்பு கோணலா போவுது? வீட்ல சண்டையா?" என்றான் டிங்கர்க்காரன்.

"உன் வாய்ல ஒட்டறப்போ நேரா ஒட்டறேன், வா."

சிரித்தான். அவளும் சிரித்த மாதிரி இருந்தாள். முதலாளியின் அறைப் பக்கம் போகலாமா என்று எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள். போய் என்ன சொல்வது? என் புருஷனுக்கு மூக்கு செத்துப்போச்சு என்றா? அது புருஷன் காதில் விழுந்தால் அந்த முகம் எப்படி ஆகும் என்று நினைத்தபோது கால் எழவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், காத்தாடி நின்றது.

பட்டறை அடங்கியது. பெயிண்ட் பீய்ச்சுகிற துப்பாக்கியின் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், எப்போதும் விடுவதைவிட அதிக நேரம் விட்டார். ஆனால் அன்றைக்குக் காற்று அசையவே இல்லை. தின்னர் வாசம் கதவுக்கு அடியில் ஊர்ந்து வந்து அவள் காலடியில் தேங்கியது. டிங்கர்க்காரன் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒருவர் மூக்கைச் சட்டையால் பொத்திக்கொண்டார். யாருக்கும் பயமில்லை. உள்ளே அண்ணன் இருக்கிறார், அவருக்குத் தெரியாதா?

அவள் கண்ணாடிக்கு அருகே போனாள். உள்ளே கறுப்பு வண்டி, இருட்டில் தேங்கிய தண்ணீர் மாதிரி நின்றது. அவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். கண்ணை மூடினார். மார்பு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். மெல்லத் தலையை ஆட்டினார்.

சாயங்காலத்து முகம் அது. வாசம் தெருமுனை வரைக்கும் தூக்குது என்று சொல்வாரே, அதே முகம்.

அவர் கை விளக்கின் சுவிட்சுப் பக்கம் நீண்டது.

அவள் கை முதலில் போனது சுவரில் இருந்த காத்தாடி சுவிட்சுக்குத்தான். தொடப்போகிற நேரத்தில் காலையில் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. கையை இழுத்துக்கொண்டாள். பூத்துக் கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்து, அகலத் திறந்தாள்.

வெளிக்காற்று ஒரே பாய்ச்சலாக உள்ளே போனது. தரையில் கிடந்த பட்டித் தூள், உப்புத்தாள் தூசி, அவள் கிழித்துப் போட்ட காகிதத் துணுக்கு, எல்லாம் எழும்பி உள்ளே சுழன்றன. ஈரக் கறுப்பின் மேல் சாவதானமாக இறங்கின. அவர் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன பண்ணிட்ட?" என்றார். கோபம்கூட இல்லை. அத்தனை மெதுவாகக் கேட்டார்.

"வெளிய வாங்க."

"என்ன பண்ணிட்டேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது. வெளிய வாங்க."

எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். முதலாளியும் அறையிலிருந்து வந்தார். கண்ணாடியண்ணனைவிட வயதில் சின்னவர்தான், வண்டியைப் பார்த்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்னக்கா இது?" என்றார். எல்லாக் கண்ணும் அவள் மேல். தலை சுற்றியது, கை பட்டுவிட்டது என்று சொன்னால் போதும். நம்பிவிடுவார்கள். பேர் பிழைத்துவிடும். நாளைக்கு இன்னொரு வண்டி வரும், இன்னொரு கடைசிக் கோட்டிங் வரும். அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டிங்கர்க்காரனிடம் திரும்பினார்.

"டேய், உள்ள வாசம் எப்படி இருக்கு?"

"என்னண்ணே கேள்வி இது? கண்ணத் திறக்க முடியல. தொண்ட எரியுது. நீங்க எப்படித்தான் உள்ள..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். அவன் பார்வை விளக்குக்குப் போனது, அங்கிருந்து துண்டுக் கம்பிக்கு, அங்கிருந்து கண்ணாடியண்ணன் முகத்துக்கு. ஒவ்வொருவர் பார்வையும் அந்த வழியிலேயே போய் வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அமைதியும் கடைசிக் கோட்டிங்கின் அமைதி மாதிரியேதான் இருந்தது. ஆனால் இப்போது தலையாட்டுவதற்கு ஆள் இல்லை.

விளக்கை அவர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். இனி அதை யாராலும் சொல்ல முடியாது. அவளிடம் காட்டுவதற்கு இருந்ததெல்லாம் பாழாய்ப்போன ஒரு கறுப்பு வண்டிதான்.

முதலாளிதான் முதலில் பேசினார். "வண்டிக்காரருக்கு நான் சொல்லிக்கறேன். அண்ணே, நீங்க டாக்டரப் பாருங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

"அதுவரைக்கும் பூத்துல அக்காவ நிக்க வெச்சுக்கலாமே," என்றான் டிங்கர்க்காரன், கனத்தைக் குறைக்கிற மாதிரி. "அக்காவுக்கு நல்ல மூக்கு. மோந்து பாத்து சொல்லட்டும்."

"என் மூக்கையும் தின்னக் குடுக்கணுமா?"

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. டிங்கர்க்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முதலாளியைப் பார்த்தாள். "அந்தக் கம்பி உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் இன்னிக்குத்தான் கண்ணத் திறந்து பாத்தேன்னு வெச்சுக்கலாம்." முதலாளி தரையைப் பார்த்தார்.

வாசமெல்லாம் போன பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கண்ணாடியண்ணன் குறட்டோடு உள்ளே போனார். அவர் போட்ட கம்பியை அவரே பிடுங்கினார். குறட்டின் வாயில் அது ஒரு மீன் முள் மாதிரி இருந்தது. டிங்கர்க்காரன் ஃபில்டர்களைக் கழற்றினான். ஒவ்வொன்றும் பலகை மாதிரி வந்தது. எத்தனை வண்டிகளின் நிறமோ, அடுக்கடுக்காக. அவற்றைத் திறந்தவெளியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அவள் காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்தாள். ஒரு முனையை மட்டும் டேப் வைத்து, காத்தாடி காற்றை வெளியே உறிஞ்சுகிற கம்பி வலைக்கு மேலே, உள்ளே நிற்பவர் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டினாள். பட்டை தொங்கியது.

புது ஃபில்டர் வந்து மாட்டி முடிப்பதற்குள் சாயங்கால வெயில் பட்டறைக்குள் வந்துவிட்டது. முதலாளி காத்தாடியைப் போட்டார். பழக்க தோஷம், சத்தம் கேட்டும் எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

கண்ணாடியண்ணன் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பரும் எடுத்துக்கொண்டு கறுப்பு வண்டிக்கு அருகே உட்கார்ந்தார். பெயிண்ட் முழுசாகக் காயாமல் தேய்க்க முடியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? தேய்க்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தார். கதவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த தூசிகளை, வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாளைக்கோ மறுநாளோ பூத்துக்குள் யார் நிற்பார்கள் என்பதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் விலகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்ன வாசம் அடிக்குது?" என்று கேட்டார்.

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல. வெயில்ல காயற ஈரத் தரை வாசம். அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு நிமிர்ந்து, வலையைப் பார்த்தார். காகிதப் பட்டை தொங்குவதை விட்டுவிட்டு, வலைப் பக்கமாக நேரே நீண்டு, யாரோ அந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுப்பதுபோலத் துடித்துக்கொண்டிருந்தது.