கால் எட்டாத வண்டி

சாந்த் பாஷா ஒரு சீட்டில் கத்தி வைத்தால் திருவண்ணாமலையில் ஒரு குள்ளன் குறைந்தான் என்று அர்த்தம். உயரமான வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு சிக்னலில் நுனிக்காலில் தத்தளிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் சின்னக்கடைத் தெருவில் இருக்கும் அவனுடைய சீட் கவர் கடைதான். உறையைப் பிரித்து உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சைச் செதுக்கி, மறுபடி இழுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவான். பாதம் முழுசாகத் தரையில் பட்டதும் அவர்களுக்கு வருகிற மிடுக்கு இருக்கிறதே, ஷட்டரில் தலை இடித்துவிடும் என்று குனிந்துகொண்டு போனவர்கள்கூட உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவன் கத்தி வைத்தது சொந்த மகளின் வண்டியில்.

"இன்னா மச்சான், சின்ன வண்டியோட முடிஞ்சிடும்னு சொன்னே. இது இன்னா, சின்ன வண்டியோட அண்ணனா?" பக்கத்துச் செல்போன் கடையிலிருந்து டீ கிளாஸோடு வந்து நின்றான் மொஹ்சின். சாந்த் பாஷாவின் மனைவி ரூக்ஸாருக்குத் தம்பி.

"அறுபத்தஞ்சு."

"வயசா?"

"சிசி."

"பொட்டப் புள்ள மச்சான். ஒரு பல்லு போச்சுனா யாரு பதில் சொல்றது?"

"பால் பல்லு தானே. மொளைக்கும், போ."

மொஹ்சின் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மகள் பிர்தௌஸ் ஆறு வயதில் முதன்முதலாக, மண்மேட்டில் ஓட்டுகிற ஐம்பது சிசி குட்டி டர்ட் பைக்கில் ஏறியபோது, மாமியார் வீட்டிலும் டீக்கடையிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து செருப்பு தேடுகிற இடத்திலும் கேட்டவர்களுக்கெல்லாம் சாந்த் பாஷா ஒரே பதிலைத்தான் சொன்னான்: "சின்ன வண்டி வரைக்கும்தாங்க." கிளட்ச் இல்லை, கியர் இல்லை, முறுக்கினால் ஓடும், பொம்மை மாதிரி. ஊரும் விட்டுவிட்டது. பொம்மையோடு முடியட்டும் என்று காத்திருந்தது.

ஆனால் அந்தப் பொம்மையை அவள் ஓட்டிய ஓட்டம்! முதலில் செங்கம் ரோடு பக்கம் ஒரு காலி மனையில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடமாக மௌன விரதத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் இரண்டாவது நாளே மாடியிலிருந்து இறங்கி வந்து சுத்தமான தமிழில் திட்டினார். அதற்கப்புறம் கீழ்பென்னாத்தூர் தாண்டி, கடைக்கு வாடிக்கையாக வருகிற ராமகிருஷ்ணனின் நிலத்துக்குப் போனார்கள். கடலை பிடுங்கி முடித்த காடு. மண்ணுக்குள் தப்பித்து ஒளிந்திருந்த கடலையெல்லாம் இவள் வண்டிச் சத்தத்தில் தானாகவே ஓடு வெடித்து மேலே வந்துவிட்டதாக ராமகிருஷ்ணன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். மூன்று வருடத்தில் குட்டி வண்டிக்காரப் பையன்கள் அவளுடைய முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் முதுகுதான்.

இப்போது வயது தாண்டிவிட்டது. குட்டி வண்டிப் பிரிவில் இனி சேர்க்க மாட்டார்கள். வயது ஏறியதே தவிர உயரம் ஏறவில்லை. பிர்தௌஸ் எடை மெஷினில் ஏறி நின்றால் மெஷின் யாராவது ஏறட்டும் என்று காத்திருக்கும். சின்னதுக்குப் பெரியவள், பெரியதுக்குச் சின்னவள்.

வேட்டவலம் ரோட்டில் மண்மேடு போட்டு ரேஸ் நடத்துகிற கோதண்டராமன் பழைய ரேஸ்காரர். உடம்பில் ஒடியாத பாகம் நாக்கு ஒன்றுதான். அதனால் அதை அளவாகத்தான் பயன்படுத்துவார்.

"பெரிய வண்டிக்கு வரட்டும் பாய். ஆனா குட்டி வண்டி மாதிரி அப்பன்காரன் பின்னாடி நின்னு புடிச்சுக்கறதெல்லாம் இங்க கெடையாது. தானா நிறுத்தணும், தானா நிக்கணும், தானா கெளம்பணும். நடுவுல யாராவது கை வெச்சா ரேஸ் அத்தோட முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு முன்னாடி எனக்குச் செஞ்சு காட்டட்டும். இல்லன்னா ஒரு வருஷம் வளரட்டும்."

ஒரு வருஷம் என்றால் என்னவென்று சாந்த் பாஷாவுக்குத் தெரியும். ஒரு வருஷம் வண்டி மூலையில் நின்றால் அதன்மேல் முதலில் துண்டு காயப்போடுவார்கள். அப்புறம் வெங்காய மூட்டையைச் சாய்த்து வைப்பார்கள். அப்புறம் அது வண்டி இல்லை. ஊர் அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் தீபத்துக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அதனால் வெட்டினான். முதலில் இரண்டு விரல்கடை. அப்புறம் இன்னும் ஒன்று. மத்தியானத்துக்குள் சீட் தோசைக்கல்லாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைத் தூக்கி உட்கார வைத்தான். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன.

"எட்டுதா?"

"எட்டுது."

அவள் சிரிக்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது குதிகால்களை.

வியாழக்கிழமை சாயங்காலம் கடலைக்காட்டில் வண்டியை இறக்கினார்கள். கிளட்ச்சை விடுவதிலும் கியரிலும் அவளுக்கு ஒரு சிக்கலும் இல்லை. பிறக்கும்போதே இடது கையில் கிளட்ச்சோடு வந்தவள் மாதிரி கிளம்பினாள். மேட்டில்தான் சங்கதி கெட்டது. மேடு வந்தால் உட்கார்ந்து ஓட்டக் கூடாது, கால்மிதியில் எழுந்து நின்றுவிட வேண்டும்; வண்டி கீழே என்ன ஆட்டம் போட்டாலும் போடட்டும் என்று முழங்கால் பார்த்துக்கொள்ளும். குட்டி வண்டியில் அவள் உட்கார்ந்ததைவிட நின்றதுதான் ஜாஸ்தி. இப்போது குழிந்த சீட்டிலிருந்து அவள் எழுந்து வருவதற்குள் மேடு வந்துவிட்டது. முதல் மேட்டில் சீட் பின்பக்கத்தில் அறைந்தது. இரண்டாவதில் தாடை தடதடத்தது. மூன்றாவதில் வண்டி அவளைத் தூக்கிக் காட்டுக்குள் வீசிவிட்டு, தான் மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் படுத்தது.

சாந்த் பாஷா ஓடின ஓட்டத்துக்கு அவனுக்கே ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம். அவன் போய்ச் சேர்வதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு பள்ளமா இருக்குப்பா. கெணத்துல உக்காந்துனு ஓட்றாப்ல இருக்குது."

"கால் எட்டுது இல்ல?"

"கால் தரைக்கு எட்டுது. நான் வண்டிக்கு எட்டல."

"விழுந்தா ஊன்றதுக்கு கால் வேணும்டி."

"விழறதுக்கா ஓட்றேன்?" என்றாள் பிர்தௌஸ். ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் அவள் அழுகிறாளா முறைக்கிறாளா என்று தெரியவில்லை. கேட்டால் முறைக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

வீட்டில் ரூக்ஸார் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முடிக்குள்ளிருந்து கடலைக்காட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் மனுக்களை டைப் அடிப்பதால், சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிற பழக்கம்.

"நீங்க வெட்னது அவ காலுக்கா, உங்க பயத்துக்கா?"

சாந்த் பாஷா எழுந்து வாசலுக்குப் போனான். மலை எப்போதும் போல அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கால் தரையில் பட்டால் மூச்சு வருவது யாருக்கு? அவளுக்கில்லை. அவளுக்குத் தரை என்பது வண்டிக்கு அடியில் ஓடுகிற ஒரு சாமான், அவ்வளவுதான். தரையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் அவன். ஊருக்கெல்லாம் 'சின்ன வண்டி வரைக்கும்' என்று சொல்லிச் சொல்லி, அதை அவனே பாதி நம்பியிருந்தான் போல. பெரிய வண்டியையும் வாங்கிவிட்டு, அதைச் செதுக்கிச் செதுக்கிச் சின்ன வண்டியாக்கப் பார்த்திருக்கிறான். இதைவிடப் பேசாமல் வெங்காய மூட்டையைச் சாய்த்து வைத்திருக்கலாம். நினைக்க நினைக்க அவனுக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் அங்கேயே நிற்காமல் டீக்கடை, மாமியார் வீடு, செருப்பு தேடுகிற இடம் என்று ஊரைச் சுற்றிக் கிரிவலமே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை கெட்டி ஸ்பாஞ்ச் வாங்கி வந்து சீட்டைப் பழைய உயரத்துக்குக் கட்டினான். கட்டி முடித்து ஒரு நிமிஷம் பார்த்தான். வீம்புக்கு மேலே இன்னொரு மெல்லிய அடுக்கும் ஒட்டினான்.

"இன்னா மச்சான், தண்ணி ஊத்தி வளர்க்கறியா?" என்றான் மொஹ்சின்.

"ஆமா. உன் வாய் மட்டும்தான் வளரணுமா?"

அந்த நேரத்தில் கடை வாசலிலிருந்து ஒரு அலறல். சீட் கவர் மாற்ற புல்லட்டை விட்டுவிட்டுப் போன சக்திவேல் திரும்பி வந்திருந்தார்.

"பாய், என் வண்டியில பல்லி தொங்குது!"

பிர்தௌஸ்தான். புல்லட்டின் மேல் ஏறி, இடுப்பை முழுசாக இடது பக்கம் வழுக்கி இறக்கி, வலது தொடையைச் சீட்டில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, இடது பெருவிரல் நுனியால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு உந்து உந்தி மேலே போய் உட்கார்ந்தாள். மறுபடி வழுக்கினாள். வியாழக்கிழமையிலிருந்து கடைக்கு வந்த ஒரு வண்டியையும் அவள் விட்டுவைக்கவில்லையாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பேருந்து நிலையத்துக்குப் போய் அரசுப் பேருந்திலும் தொங்கிப் பார்த்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டவலம் ரோட்டில் பாதி ஊர் நின்றது. மீதி ஊருக்கு நேரலையாகக் காட்ட மொஹ்சின் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பிள்ளையைத் திட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

கோதண்டராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிர்தௌஸ் ஒரு வட்டம் போனாள். பிரேக் பிடித்தாள். வண்டி நிற்கப் போகிற அந்தக் கண்ணிமைப்பில் இடுப்பு சரிந்தது, பெருவிரல் மண்ணைத் தொட்டது. நின்றாள். உந்தினாள், ஏறினாள், கிளம்பினாள். மறுபடி நின்றாள், மறுபடி கிளம்பினாள்.

"இது ஒத்தக் கால்ல நிக்கறதும்மா," என்றார் கோதண்டராமன்.

"ரெண்டு காலையும் கீழ வெச்சுட்டா பிரேக்கை யாரு மிதிக்கறது, அங்கிள்?"

கோதண்டராமனின் ஒடியாத நாக்குக்கும் அன்றைக்கு லேசாக ஒரு அடி. "வரிசையில போய் நில்லு," என்றார்.

வரிசையில் பையன்கள் இரண்டு காலையும் மண்டபத்துத் தூண் மாதிரி ஊன்றி நின்றார்கள். இவள் மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கினாள். சாந்த் பாஷாவின் கைகள் தானாக முன்னே போயின. ரூக்ஸார் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தாள். கொடி இறங்கியது. பையன்கள் காலை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இழுக்கக் கால் இல்லாதவள் முன்னாலேயே போய்விட்டாள்.

இரண்டாவது சுற்றில், பெரிய மேட்டின் ஏற்றத்தில், அவளை முந்தியிருந்த ஒரே ஒரு பையன் சறுக்கிக் குறுக்கே விழுந்தான். பிர்தௌஸ் பிரேக்கை அழுத்தினாள். அவன் மேல் ஏற்றவில்லை. ஆனால் இன்ஜின் அணைந்துவிட்டது. சரிவு. வலது பக்கம் பள்ளம். அங்கே கால் விட்டால் தரை கிடைக்க மறுநாள் ஆகும். சாந்த் பாஷா தடுப்புக் கயிற்றோரமாக ஓடினான். வண்டி ஆடியது. அவள் இடுப்பு இடது பக்கம், மேட்டுப் பக்கமாக, சரிந்தது. பெருவிரல் மண்ணைத் தேடியது. கிடைத்தது.

விழுந்த பையன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பின்னால் மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். கொடி வைத்திருந்த ஆள் ஒருவன் அவளைப் பிடிக்க ஓடி வந்தான். சாந்த் பாஷா கயிற்றுக்குள் ஒரு காலை வைத்துவிட்டான்.

"தொடாதீங்க!"

அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படியொரு குரல். ஓடி வந்தவன் அப்படியே நின்றான். சாந்த் பாஷாவும் நின்றான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்.

இடது பெருவிரலில் மொத்த உடம்பையும் நிறுத்தி, வலது காலைத் தூக்கி அவள் கிக்கரை உதைத்தாள். இன்ஜின் இருமியது. மறுபடி உதைத்தாள். கடைசியாக வந்த வண்டிகள் கிளப்பிய புழுதி மேட்டை மூடிக்கொண்டது. எது எவன் வண்டிச் சத்தம் என்று புரியவில்லை. புழுதிக்கு மேலே அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. உதைக்க எழும்பும், இறங்கும். எழும்பும், இறங்கும்.

சாந்த் பாஷா இந்தப் பக்கத்துக் காலை எடுத்து அந்தப் பக்கம் வைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் காலை இந்தப் பக்கம் எடுத்தான்.

ஹெல்மெட் இன்னொரு முறை எழும்பியது. இறங்கவில்லை. எழும்பிய உயரத்திலேயே நின்று, புழுதிக்கு மேலே மஞ்சளாக நகரத் தொடங்கியது.