எட்டுப் பாகை

வாப்பாவின் நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்த சீலைத்துண்டு மறுபடியும் நெகிழ்ந்துவிட்டது. ஆதிலா முடிச்சை அவிழ்த்து இறுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"...கிண்ணியா, பிறை கலீல் என்று அழைக்கப்படும் கலீலுர் றஹ்மான் அவர்கள் இன்று காலை வபாத்தானார்கள். ஜனாஸாத் தொழுகை அசறுக்குப் பின்..."

"மௌத்தான பிறகும் விடுறாங்க இல்லையே," என்றாள்.

"வேற எப்பிடிப் புள்ள சொல்லுற?" வாப்பாவின் தங்கை பல்கீஸ் மாமி மூக்கைச் சிந்தினார். "வெறும் கலீலுர் றஹ்மான் எண்டா எந்தக் கலீலுர் றஹ்மான் எண்டு ஊரே முழிக்கும். இந்தத் தெருவிலயே மூணு பேர் இருக்காங்க."

வெளியூர்க்காரன் கேட்டால் ஏதோ மரியாதைப் பெயர் என்று நினைப்பான். ஊருக்கு அது ஏச்சு.

பதினாலு வருஷத்துக்கு முன், இருபத்தொன்பதாம் நோன்பு, சூரியன் மறையும் மகரிபு நேரம், கொட்டியாரக் குடாவில் வலை இழுத்துக்கொண்டிருந்த கலீலுர் றஹ்மான் மேற்கே தலைப்பிறையைக் கண்டார். பிறை கண்டால் மறுநாள் பெருநாள். ஈரச் சாரத்தோடு பள்ளிக்கு ஓடினார். தலைவர் ஜவ்பர் ஹாஜியார் கதிரையில் சாய்ந்தபடி கேட்டார்: எத்தனை பாகை உயரம்? கொம்பு எந்தப் பக்கம்? எத்தனை நிமிஷம் நின்றது?

"கண்ட நான் ஹாஜியார். என்ர ரெண்டு கண்ணால கண்ட நான்." அவரிடம் இருந்தது அவ்வளவுதான். நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் சாட்சி எடுபடவில்லை; மறுநாளும் ஊர் முழுக்க நோன்பு. பிறையைக் கண்டவனுக்குப் பெருநாளில் நோன்பு ஹராம் என்று வாப்பா வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தார். ஜன்னலால் ஒருவன் பார்த்துவிட்டான். பொய்ச்சாட்சி, நோன்பை விட்டவன். மூத்தவள் றிஷானாவின் கல்யாணத்துக்குப் பள்ளியிலிருந்து ஒரு நிழல்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆதிலாவைக் கண்டால் ஆகாயத்தைக் காட்டினார்கள்.

அந்தக் கோபத்தில்தான் அவள் பௌதிகவியல் படித்தாள். குடும்பத்தின் முதல் பட்டம்.

போன வருஷ நோன்பில், ஒரு நாள் நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டே போனில் செய்தி வாசித்தாள். "வாப்பா, சனிக் கிரகத்துக்கு இன்னும் நூற்றி இருபத்தெட்டு நிலாவக் கண்டுபுடிச்சிருக்காங்க. மொத்தம் இருநூற்றி எழுபத்திநாலு."

"யா அல்லாஹ்! அங்க பெருநாள் எடுக்கிறவன்ட கெதி என்ன?"

உம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. வாப்பா அது அடங்கும் வரை இருந்தார். பிறகு சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"அவ்வளவு தூரத்தில கிடக்கிறதயே கணக்கெடுக்கிறாங்க எண்டா, அண்டைக்கு நான் கண்ட பிறையயும் பாக்க ஏலுமா மகள்?"

மூன்று நிமிஷ வேலை. படித்த திமிரில் விடையை அப்படியே எடுத்து வைத்தாள்.

"சூரியன் மறைய ஆறு நிமிசத்துக்கு முதலே சந்திரன் மறஞ்சிட்டு வாப்பா. இஞ்ச ஒருத்தரும் கண்டிருக்க ஏலாது. நீங்க கண்டது பிளேன் விட்ட புகைக் கோடா இருக்கும்."

"ஓ," என்றார் வாப்பா.

அந்த நோன்பின் இருபத்தொன்பதிலும் இந்த வருஷத்து இருபத்தொன்பதிலும் ஊர் கடற்கரையில் அண்ணாந்து நின்றது. வாப்பா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்.

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடிந்த நேரம், ஜவ்பர் ஹாஜியார் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்த வருஷம் ஊரில் கண்ட பிறையை, நாட்டுக்கே பெருநாளை அறிவிக்கும் மேலிடத்துப் பிறைக் குழு ஏற்கவில்லை. ஹாஜியாரே தன் கண்ணால் கண்ட பிறை அது. அன்றிலிருந்து பிறை கண்டவர்கள் மீது அவருக்குத் தனிப் பாசம்.

"மகள், கலீல் காக்காவுக்கு நாங்க அநியாயம் செஞ்சிட்டம் போல கிடக்கு. தொழுகைக்கு முதல் மைக்ல அதச் சொல்லலாமெண்டு நினைக்கிறன். சும்மா சொன்னா அந்தப் பக்கத்தாக்கள் புடிச்சுக்குவாங்க. நீங்க படிச்ச புள்ள. அண்டைக்குப் பிறை இருந்துதா?"

"பதினாலு வருஷமா இந்த வீட்டுக்கு வழி தெரியாமலா இருந்தீங்க ஹாஜியார்?"

பல்கீஸ் மாமி அவள் கையைக் கிள்ளினார். "வாயப் பொத்து. மையித்து கிடக்கு."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "கோபம் நியாயந்தான். இருந்துதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

உம்மா சுவரில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால் வாப்பா பொய்யனாகவே மையவாடியில் அடக்கமாவார். ஓம் என்றால் இந்த ஆளின் சண்டைக்கு வாப்பாவின் மையித்து ஒரு தடி.

"இருந்தது," என்றாள் ஆதிலா.

"எத்தன பாகை?"

"எட்டு. கொம்பு ரெண்டும் மேல பாத்தபடி. முப்பத்தஞ்சு நிமிசம் நிண்டிருக்கு."

நாக்கு தடுமாறவேயில்லை. ஹாஜியார் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டார்.

"மாஷா அல்லாஹ். கணக்கெண்டா இப்பிடி இருக்கோணும்."

வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது பின்னால் போனவர்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். அசறுத் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் எட்டுப் பாகை வந்தது, முப்பத்தைந்து நிமிஷம் வந்தது, கலீல் காக்கா உண்மையாளர் என்பதும் வந்தது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். மையவாடிக்குப் போகும் வழியில் சந்தூக்கு திரும்பவும் இந்தத் தெருவால் வந்தபோது, அது எந்தத் தோளிலும் இரண்டு எட்டு நடக்கும் நேரத்துக்கு மேல் தங்கவில்லை. அத்தனை பேர் தோள் கொடுத்தார்கள். முன்னால் ஜவ்பர் ஹாஜியார்.

"அல்லாஹ் பெரியவன்," என்று மாமி விம்மினார். "என்ர நானாட பேர் திரும்பி வந்திட்டு."

உம்மா ஜன்னலை விட்டுத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"அந்த எட்டுப் பாகைய அண்டைக்கே அவருக்கிட்டச் சொல்லியிருக்கலாமே மகள்."

ஆதிலா பின்வாசலால் இறங்கினாள். குளிப்பாட்டிய தண்ணீர் கொல்லையில் கற்பூர மணத்தோடு தேங்கிக் கிடந்தது. மண்வெட்டியை எடுத்து வேலிப்பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டினாள். சரிவைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொஞ்சத் தூரம் போய் நின்று, திரும்பி அவள் காலடிக்கு வந்தது.