மஃரிபுக்குப் பிறகு பிரியும் செல்கள்

எங்கள் வீட்டுச் சட்டம் எளிது. புருஷன் ஷார்ஜாவில் இருக்கும்வரை மருமகள் மஃரிப் பாங்குக்கு, அந்தித் தொழுகை அழைப்புக்கு, முன்னால் வீட்டுக்குள் இருக்க வேண்டும். நான் ஆராயும் நெல் வேரில் இருக்கும் செல்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. காலையில் மருந்து கொடுத்தால், அவை சாவகாசமாகப் பொழுது சாயும்போதுதான் பிரியத் தொடங்கும். அந்த நேரத்தில் நான் தஞ்சாவூர் ஆய்வகத்தில் இருக்க மாட்டேன். வீட்டுக்குப் போகும் பாபநாசம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பேன்.

டி.என்.ஏ. நூல் சுற்றிக்கொண்டிருக்கும் புரதத்துக்கு ஹிஸ்டோன் என்று பெயர். செல் பிரியும் சமயத்தில் அதன் வாலில் பாஸ்பேட் வந்து ஒட்டும். ஒட்டினால் குரோமோசோம்கள் ஒழுங்காகச் சுருங்கி, இரண்டாகி, ஆளுக்கொரு பக்கம் போகும். ஒட்டவிடாமல் மருந்தால் தடுத்தால் என்ன ஆகும்? அதுதான் என் பிஎச்.டி. அப்படித் தடுத்த செல் பிரிவதைக் காட்டும் ஒரு படம் கிடைத்தால் ஆய்வேட்டை முடித்துவிடலாம். கிடைக்காமல் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினால் படித்ததெல்லாம் மண். விசாவும் டிக்கெட்டும் வந்துவிட்டன. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் முளைகட்டிய நெல்லையும் மருந்தையும் வீட்டுக்கே கொண்டுவந்தேன். இருட்டியதும் வேர்நுனிகளை வெட்டி, செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் திரவத்தில் போட்டு, பிரிட்ஜில் வைத்தேன். அந்தத் திரவத்தில் முக்கால்வாசி ஆல்கஹால். மாமியாரிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

காலையில் பார்த்தால் பாட்டில் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"மாமி, இதுல இருந்தது எங்க?"

"கொட்டிட்டேன்." ரஹ்மத் பீவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூடியத் தொறந்தா குப்புனு சாராய வாடை. கறிச்சட்டிக்குப் பக்கத்துல வச்சிருக்கியே புள்ள, உனக்கே நல்லாருக்கா?"

"அது குடிக்கிறது இல்ல மாமி. என் படிப்பு."

"எதுவா இருந்தா என்ன? ஹராம் ஹராம்தான்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மாமி மேல் வந்த கோபத்தைவிட, சொல்லாமல் ஒளித்த என் புத்தி மேல் வந்த கோபம்தான் அதிகம். ஈரத்துணியில் கொஞ்சம் முளை மிச்சமிருந்தது. துணியோடு சுருட்டி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆய்வகத்தில் மருந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வழக்கமான பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. பாங்கு சொன்னபோது வேர்நுனியை வெட்டிக்கொண்டிருந்தேன். அவசரமாகச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

கிடைத்துவிட்டது. மற்ற குரோமோசோம்கள் இரு பக்கமும் போய்ச் சேர்ந்திருக்க, சில மட்டும் நடுவில் சிக்கிக் கிடந்தன. இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. பக்கத்துச் செல்லில் அப்படிச் சிக்கியவற்றின் மேலேயே சுவர் எழும்பியிருந்தது. வழி தெரியாமல் நிற்பவருக்காகச் செல் காத்திருப்பதில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. போன் அடித்தது. என் கணவர் இர்பான்.

"எங்க இருக்க?"

"லேப்ல."

"பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாச்சு? உம்மா வாசல்ல நிக்கிறாங்க. உடனே கெளம்பு."

"கெளம்புறேன் மச்சான். ஆனா வெள்ளிக்கிழமை நான் வரல. இங்கேயே இருந்து எழுதி முடிச்சிட்டு வர்றேன்."



"அப்ப வரவே வேணாம்." வைத்துவிட்டார்.

படங்களைக் கணினியில் சேமித்துவிட்டு வெளியே வந்தேன். பாபநாசம் பஸ் காலியாக வந்தது. ராத்திரி தலைசாய்க்க அவருடைய வீட்டைத் தவிர எனக்கு வேறு இடம் இல்லை. ஏறி உட்கார்ந்தேன்.