வேகத்தடை மேல் ஒரு சிவப்புக் கார்

மில்லர்புரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சுடலைக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சிவப்புக் கார் மேல் ஆசை வந்தது. ரெண்டே சீட். கூரையை மடக்கிவிடலாம். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், காரின் நடுவில் இருக்கும்.

ஹாங்காங்கில் வியாபாரம் பார்த்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. வந்த பிறகுதான் வீட்டுச் சந்தில் அது திரும்பாது என்று தெரிந்தது. ஆறு வருஷம் குடோனில் கிடந்து, ஒரு பல் டாக்டர் கைக்குப் போனது. டாக்டர் ஆறடிக்கு மேல் உயரம். கூரையை மூடினால் தலை இடித்தது, திறந்தால் மண்டை காய்ந்தது. அவரிடம்தான் சுடலைக்கண்ணு வாங்கினார்.

"பிள்ளைகள எங்கன உக்கார வைக்க?" என்று மனைவி பேச்சிச்செல்வி கேட்டாள்.

"மொதல்ல நீ ஏறுளா."

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, கடற்காற்று வாங்கப் பக்கத்து மீனவர் ஊரான ஆலந்தலைக்குள் நுழைந்தார்கள். வேகத்தடையில் ஏறிய கார் இறங்கவில்லை. வயிறு தட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஜேசுபாதம் நாலு பேரோடு வந்து முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். "கனமே இல்லயே! இன்ஜின் எங்க அண்ணாச்சி?"

"நடுவுல."

"அப்ப வள்ளத்துக்குக் குடுக்குத மாரி தோள் குடுக்கணும். நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க."

தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். சுடலைக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது: ஊர் திரும்ப இதே தடையை மறுபடி தாண்ட வேண்டும்.

"சாவியக் குடுங்க," என்றாள் பேச்சிச்செல்வி. கடையின் லோடு வேனை சிமெண்ட் மூட்டையோடு ஓட்டுகிறவள் அவள்தான். காரைத் திருப்பி, கோணலாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினாள். உரசக்கூட இல்லை. நிற்கவும் இல்லை. முந்தானை பறக்க மெயின் ரோடு வரை ஒரே ஓட்டம். ஆலந்தலைக்காரர்கள் விசிலடித்தார்கள்.

வெயிலில் நடந்துபோன சுடலைக்கண்ணுவுக்கு முதலில் கோபம்தான். கிட்டப் போனால், அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிட்டு ஏறுங்க. இன்ஜின் சூடு முதுகுக்கு ஒத்தடம் குடுத்த மாரி இருக்கு!"

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கிளார்க் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள பேர் மாத்துதீக?"

"ஓட்டத் தெரிஞ்சவ பேர்ல இருக்கட்டும்."

அன்றைக்கே பேச்சிச்செல்வி அவரைக் கடையில் இறக்கிவிட்டு, பெரிய மகளை ஏற்றிக்கொண்டு துறைமுக ரோட்டுக்குக் கிளம்பிப் போனாள்.