பின் சக்கரத்து போல்ட்

மாப்பிள்ளை வந்த வேகத்துக்கு வண்டி நிற்கவில்லை. பட்டறை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் போய் முட்டித்தான் நின்றது. அதில் ஒரு டயர் உருண்டு, தெருச் சரிவில் தன்பாட்டுக்குப் போனது. துரத்திப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எங்க அவ?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான்.

பெரியவள் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் சுவரோடு சுவராக நின்றாள். போன வாரம் அவன் மிதித்த மிதியில் விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. மூச்சைப் பாதி இழுத்துப் பாதி விட்டுக்கொண்டு பிறந்த வீடு வந்து சேர்ந்தவள். இன்னொரு முறை அவன் வீட்டுக்குப் போனால் அக்கா நடந்து திரும்ப மாட்டாள் என்பது சின்னவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பா தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"உக்கார வரல. உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன். அதுக்கு முன்னாடி இந்தச் சனியனோட பிரேக்கைப் பாருங்க. முன் பிரேக் எப்பவோ செத்துப்போச்சு. பின்னாடி மிதிச்சா, மிதிச்சுக்கிட்டே வீடு போய்ச் சேர வேண்டியதுதான்."

பிரேக் என்றால் அந்தப் பட்டறையில் சின்னவள்தான். வாய் திறந்து பேசுவது அபூர்வம், கை மட்டும் பேசும். சக்கரம் கழன்று கிடக்கிறவரை அக்காவை ஏற்றிக்கொண்டு போக முடியாது என்று அவள் கணக்குப் போட்டாள். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினாள். பிரேக் கம்பியைக் கழற்றி, பட்டைக் கம்பியின் போல்டை எடுத்துக் கீழே விரித்த சாக்கில் போட்டு, ஆக்ஸிலை உருவி, சக்கரத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

சக்கரத்தின் நடுவிலிருந்த பிரேக் டிரம்முக்குள் கரித்தூள் அப்பியிருந்தது. டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்த வேண்டிய ஷூ இரண்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுமினுத்தன. பழைய வண்டிகளில் பார்க்காமலே விட்டால் இப்படித்தான் ஆகும். அவள் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி தேய்த்தாள். ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒழுங்காகச் செய்தால் வெயில் சாய்வதற்கு முன் முடிந்துவிடும் வேலை. அவள் ஒழுங்கைத் தாண்டிச் செய்துகொண்டிருந்தாள்.

"என்ன, ஷூவுக்குத் தலை வாரி விடுறியா?"

"ஸ்பிரிங் தொங்கிப்போச்சு அத்தான். புதுசு வாங்கணும்."

"பழசையே போடு."

"ஷூ காயணும்."

"அடி கள்ளி!" அவன் சிரித்தான். சிரித்தபடியே உதைத்தான். அவள் முதுகில் விழுந்தது உதை. முகம் சக்கரக் கம்பிகளில் இடித்து, உதடு கிழிந்து, வாயெல்லாம் இரும்பு ருசித்தது. "காயணுமாம்! இருட்டுறவரைக்கும் இழுத்தடிச்சா இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்னு நெனப்பா?"

"மாப்பிள்ளை, அவ சின்னப் பொண்ணு..." என்று அப்பா குறுக்கே வந்தார். அவன் அவரை ஒரே தள்ளாகத் தள்ளினான். மேசை ஓரத்தில் பொருத்தியிருந்த இரும்புப் பிடிக்கருவியில் நெற்றி மோதி, அப்பா சரிந்து உட்கார்ந்தார். புருவத்திலிருந்து ரத்தம் இறங்கிக் கண்ணை மூடியது. கையிலிருந்த துணியால் அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவனே வேலையில் இறங்கினான். ஷூவை அதைத் தாங்கும் பிரேக் தட்டில் அடித்து உட்கார வைத்தான். தட்டை டிரம்முக்குள் திணித்தான். சக்கரத்தைத் தூக்கி மாட்டி ஆக்ஸிலைக் குத்தினான். நட்டை முறுக்கினான். பிரேக் கம்பியை இழுத்துப் பூட்டினான். பெடலைக் காலால் அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு. இதுக்குப் போயி அரை நாள்!" என்றான்.

தரையில் கையூன்றி எழுந்த சின்னவள் பார்த்தாள். பிரேக் தட்டைச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றவிடாமல் வண்டியின் உடம்போடு கட்டிப்போட ஒரு பட்டைக் கம்பி உண்டு. அதன் ஒரு முனை வண்டியில் இருந்தது. தட்டோடு சேர வேண்டிய மறுமுனை சும்மா தொங்கியது. அதைப் பூட்டும் போல்ட் இன்னும் சாக்கிலேயே கிடந்தது.

நின்ற இடத்தில் பெடல் கல்லு மாதிரிதான் இருக்கும். ஓடும்போது மிதித்தால் தட்டே சுழலும். கம்பியைச் சுருட்டிக்கொண்டு சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சொல்லாமல் இருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் அவன் உள்ளே போய் அக்காவின் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து வந்துவிட்டான்.

"விடுங்க, வரேன், வரேன், நானே வரேன்..." அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வந்தாள். அவன் அவளைப் பின்சீட்டில் தூக்கிப் போட்டான்.

"அத்தான், போல்ட் மாட்டல! பட்டைக் கம்பி தொங்குது பாருங்க!" சின்னவள் போல்டைத் தூக்கிக் காட்டினாள். "பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்கும். அக்கா செத்துடுவா!"

"ஸ்பிரிங் ஆச்சு, ஷூ ஆச்சு, இப்ப போல்டா? அடுத்தது என்ன, டயருக்குக் காய்ச்சலா?"

"சத்தியமா அத்தான்! குனிஞ்சு பாருங்க!"

அவன் குனியவில்லை. அறைந்தான். போல்ட் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. கிக்கரை உதைத்தான். வண்டி இருமி, உறுமி, புகை கக்கியது. கியர் விழுந்த சத்தம் கேட்டதும் சின்னவள் வேறெதையும் யோசிக்கவில்லை. பாய்ந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் விழுந்தாள். இருவரும் ஜல்லியில் உருண்டார்கள். அக்காவின் முழங்கையும் சின்னவளின் முட்டியும் தோலுரிந்தன. அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி அலறினாள்.

பாரம் குறைந்த வண்டி சரிவில் துள்ளி ஓடியது. அவன் திரும்பிப் பார்த்தான். தரையில் கிடந்த இருவரையும் பார்த்தான்.

"வரேண்டி! ரெண்டு பேரையும் இன்னைக்கு உரிச்சுடுறேன்!"

திரும்பி வந்து அடிப்பதற்காக, இருக்கிற பலமெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதித்தான்.

கம்பி முறியும் சத்தம் பட்டறைவரை கேட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி குறுக்கே திரும்பி, அவனையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டு போய்ச் சாக்கடைச் சுவரில் இடித்து அடங்கியது. அவன் கத்திய கத்தலில் எதிர் வீட்டுக் கதவுகள் திறந்தன. யாரும் படி இறங்கவில்லை. அவன் அக்காவை இழுத்து வரும்போதும் அந்தக் கதவுகள் அங்கேதான் இருந்தன, மூடியபடி.

"தூக்கணும், வாங்கம்மா, வண்டியைத் தூக்கணும்." அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். சின்னவளும் ஓடினாள். கடைசியாக அக்கா வந்தாள்.

அவனுடைய வலது கால் கெண்டைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதன்மேல் சூடான சைலன்சர் கிடந்தது. தீய்ந்த வாடை வந்தது. மூன்று பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி நகர்த்தினார்கள். அக்கா விலா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

கால் வெளியே வந்ததும் அவன் செய்த முதல் காரியம், குனிந்திருந்த அக்காவின் பின்னலைப் பிடித்தது.

"கொல்லப் பாத்தீங்களாடி? அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து என் பிரேக்கைப் புடுங்கிட்டீங்களாடி?"

"நான் சொன்னேனே அத்தான்," என்றாள் சின்னவள். "கத்திச் சொன்னேனே."

அவன் கேட்கவில்லை. பின்னலை முறுக்கி அக்காவின் முகத்தைத் தரையை நோக்கி இழுத்தான். கால் உடைந்து கிடந்த நிலையிலும் அவன் கைக்கு அது பழகிய வேலை.

அக்கா கத்தவில்லை. இழுபட்ட இடத்திலேயே ஒரு காலைத் தூக்கினாள். அவனுடைய உடைந்த காலின்மேல் வைத்தாள். அழுத்தினாள்.

"விடு," என்றாள்.

அவன் ஊளையிட்டான். விடவில்லை. அவள் இன்னும் அழுத்தினாள். உள்ளே ஏதோ நறநறத்தது. அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பின்னல் நழுவியது. கொத்தாக முடி அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா காலை எடுக்கவில்லை.

"போதும்மா," என்றார் அப்பா. ரத்தம் வழிந்த கண்ணோடு கையெடுத்துக் கும்பிட்டார். "போதும், விட்டுடு."

"இந்த வார்த்தையை அவர்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களாப்பா?"

அப்பா கையை இறக்கினார்.

சின்னவள் மண்டியிட்டாள். அக்காவின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. அண்ணாந்து பார்த்தாள். அக்கா அவனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பாதி மூச்சுக்குப் பழகிப்போன அக்கா, வலியைத் தாண்டி முழு மூச்சாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் சின்னவள். "வண்டி உடைஞ்சுபோச்சு. இனிமே உன்னை யாரும் கூட்டிட்டுப் போக முடியாது. காலை எடு."

அவள் கைக்குள் அந்தக் கால் மெல்லக் கனம் குறைந்தது.